வீரகத்தியின் வீடு

நெளுக்குளம்,
08.02.2004

அன்பின் அக்காவுக்கு,

ரூபன் எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். மழைக்காலம் போய்விட்டது, அம்மாவின் முழங்கால் வலி மட்டும் போகவில்லை. நீங்கள் அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டு எழுதச் சொன்னார். நானும் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மிதிவெடி என்று வந்த இடங்களை எல்லாம் தாண்டினேன். தாண்டிய இடத்தில் ஏதாவது வைக்க வேண்டுமே, அதனால் உங்களுக்கு ஒரு மேசையும் கதிரையும் கொடுத்தேன். "ஒபிசில பேன் இருக்காமா?" என்று அம்மா கேட்டார். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஆகவே கிளிநொச்சியில் உங்கள் தலைக்கு மேல் ஒரு மின்விசிறி சுற்றிக்கொண்டிருக்கிறது, மறந்துவிடாதீர்கள். நீங்கள் வெயிலில் முழங்காலில் நின்று மிதிவெடி எடுக்கிற விஷயம் அம்மாவின் காதுக்குப் போனால், அடுத்த பஸ்ஸில் வந்து உங்களைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

எனக்கும் வேலை கிடைத்திருக்கிறது. வவுனியா பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஸஜாத் நானாவின் கொம்பியூட்டர் கடை. ஏ.எல். சோதனை மறுபடி எடுக்கும் மட்டும் அங்கே நிற்கலாம் என்றார். ஐந்து கொம்பியூட்டர் இருக்கின்றன, பின்னேரம் பெடியள் விளையாட வருவார்கள். கொழும்பிலிருந்து ஒரு புது விளையாட்டு வந்திருக்கிறது. ஐந்திலும் போடலாமா என்று முடிவெடுக்க முதல், அதை முழுக்க விளையாடி நல்லது கெட்டது சொல்லும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கிறார். சிரிக்காதீர்கள். இது வேலைதான்.

மற்ற விளையாட்டுகளில் ஒரே பாதை, சுட்டுக்கொண்டு நேரே போக வேண்டும். இதில் ஒரு பட்டணமே இருக்கிறது. ஒரு ஆளைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டு நடத்துகிறோம். அவன் எங்கேயும் போகலாம், திரும்பி வரலாம், ஒன்றும் செய்யாமல் நிற்கலாம். எந்த வாகனத்தையும் மறித்து, ஓடுகிறவரை இழுத்து வெளியே விட்டுவிட்டு எடுத்துக்கொண்டு போகலாம். பாஸ் கேட்பார் இல்லை, சென்றிக் காவல் இல்லை. முதல் நாள் மூன்று மணி நேரம் சும்மா ஓடிக்கொண்டே இருந்தேன். பெடியள் அவனைச் சண்டியன் என்கிறார்கள்.

அம்மா உங்களுக்கு எள்ளுருண்டை செய்து வைத்திருக்கிறார். ஆள் வந்தால் கொடுத்துவிடுகிறேன்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும் தம்பி,
ரூபன்


கிளிநொச்சி அலுவலகம்,
25.02.2004

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது, எள்ளுருண்டையும் கிடைத்தது. உருண்டை வந்த அன்றே முடிந்தது. நான் சுகம். அம்மாவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடு. சொன்னால் மட்டும் போதாது, பக்கத்தில் இருந்து கொடு.

மின்விசிறிக்கு நன்றி. இங்கே அது நல்ல காற்று.

உன் கடிதத்தால் ஒரு காரியம் நடந்துவிட்டது. நாங்கள் நாற்பது நிமிடம் வேலை செய்தால் பத்து நிமிடம் ஓய்வு. மரத்துக்குக் கீழே தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு இருப்போம். அந்தப் பத்து நிமிடத்தில் வெடியைப் பற்றி ஒரு கதையும் கதைக்கக் கூடாது என்பது நாங்களாகவே வைத்துக்கொண்ட சட்டம். அதனால் யாருக்குக் கடிதம் வந்தாலும் சத்தமாக வாசிப்பது வழக்கம். போன கிழமை உன்னுடையது வாசிக்கப்பட்டது. சண்டியன் என்ற பெயர் எங்களோடு வேலை செய்யும் இராசமலருக்குப் பிடிக்கவில்லை. அவளுடைய சித்தப்பா ஒருவர் வேலை வெட்டி இல்லாமல் ஊர் முழுக்கச் சுற்றுவாராம், பெயர் வீரகத்தி. "அவர்தான் இவர்" என்று சொல்லிவிட்டாள். இனி எங்களுக்கு அவன் வீரகத்தி.

எங்கள் பாதை ஒரு மீட்டர் அகலம். இரு பக்கமும் தடி நட்டிருக்கும். வெள்ளைத் தலைத் தடி என்றால் பார்த்து முடித்த நிலம். சிவப்புத் தலை என்றால் அதற்கு அப்பால் விரல்கூட வைக்கக் கூடாது. இரும்பு வாரியால் மண்ணை மெல்ல மெல்ல வாரி, ஒரு நாளில் ஒருவர் ஒரு பாய் விரிக்கிற அளவு முடித்தால் நல்ல நாள். அதனால்தானோ என்னவோ, வீரகத்தி எங்கேயும் போகலாம் என்றதும் எல்லாரும் கிட்ட வந்துவிட்டார்கள்.

கேட்கச் சொன்னவை: அவனுக்குக் களைக்குமா? சாப்பிடுவானா? புல்லில் நடக்கும்போது கீழே பார்ப்பானா? அந்தப் பட்டணத்தில் பிள்ளைகள் இருக்கிறார்களா? கடைசிக் கேள்வி அமராவதியுடையது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள், தாயோடு விசுவமடுவில் இருக்கிறார்கள்.

படிக்கிற புத்தகத்தையும் இடைக்கிடை திற.

அக்கா,
சுமித்திரா


நெளுக்குளம்,
07.03.2004

அன்பின் அக்காவுக்கும், மரத்தடியில் இருக்கும் மற்ற அக்காமாருக்கும்,

எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே வெயில் தொடங்கிவிட்டது. அம்மாவின் முழங்காலுக்கு நான் பக்கத்தில் இருந்துதான் ஒத்தடம் கொடுக்கிறேன், விசாரித்துப் பாருங்கள்.

வீரகத்திக்குக் களைக்கும். நெடுக ஓடினால் குனிந்து நின்று மூச்சு வாங்குவான். சாப்பிடமாட்டான். புல்லில் மட்டுமல்ல, எங்கேயும் கீழே பார்க்கமாட்டான். பிள்ளைகளைத் தேடி ஒரு பகல் முழுக்க அலைந்தேன், ஒரு பிள்ளைகூட இல்லை. ஸஜாத் நானாவிடம் சொன்னேன். "இவன் கார் ஓடுற ஓட்டத்துக்குப் பிள்ளையள் இல்லாததுதான் நல்லம்" என்றார்.

இதுவரை கண்ட நல்லது சொல்கிறேன். அங்கே பொழுது விடிகிறது, உச்சி வெயில் வருகிறது, பொழுது படுகிறது. மழை பெய்தால் ஆட்கள் ஓடி ஒதுங்குகிறார்கள், தார் றோட்டு மினுங்குகிறது. ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒவ்வொரு குணம். லொறி திரும்ப முன்னம் யோசிக்கும், சின்னக் காருக்கு விசையைத் தொட்டாலே போதும். கார் வானொலியில் பாட்டுப் போகும். எல்லாவற்றையும் விடப் பெரிய நல்லது, கொடுத்த வேலையைச் செய்யாவிட்டாலும் அந்தப் பட்டணம் கோபிக்காது. அது தன்பாட்டில் நடந்துகொண்டிருக்கும்.

கெட்டதும் இருக்கிறது. ஆட்களுக்கு நாலு வசனம்தான் தெரியும், அதையே சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஒருவரை இடித்துவிட்டு நூறு யார் தூரம் போனால் இடித்ததை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பொலிஸ் துரத்தினால் காருக்கு வேறு பெயின்ற் அடித்தால் சரி. தூரத்தில் எல்லாம் பனிப்புகார், கிட்டப் போனால்தான் கட்டடம் முளைக்கும். ஆற்றுக்கு அந்தப் பக்கம் போகிற பாலம் பூட்டிக் கிடக்கிறது, தந்த வேலைகளை முடித்தால்தான் திறப்பார்களாம். எங்கேயும் போகலாம் என்று சொன்னவர்களே ஒரு ஓமந்தைச் சோதனைச்சாவடியையும் வைத்திருக்கிறார்கள். வேலைகளோ எல்லாம் ஒன்றுதான், அங்கே போ, சுடு, கொண்டு வா. இவ்வளவு சண்டித்தனம் செய்கிறவனுக்கு நீந்தத் தெரியாது, இடுப்பளவு தண்ணீரில் செத்துப் போகிறான். செத்தால் பரவாயில்லை, ஆஸ்பத்திரி வாசலில் முழு ஆளாக எழும்பி நிற்பான். துவக்கு மட்டும் இருக்காது.

வீட்டுக் கதவுகள் எல்லாம் சுவரில் கீறிய படம். நாற்பது கதவு தள்ளிப் பார்த்தேன்.

அம்மா கேட்கிறார், ஒபிசில் புதிதாக ஏதும் உண்டா என்று. உங்களுக்கு ஒரு அலுமாரி கொடுக்கலாம் என்று யோசிக்கிறேன்.

அன்புத் தம்பி,
ரூபன்


கிளிநொச்சி அலுவலகம்,
28.03.2004

அன்புள்ள தம்பி,

நலம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டும். அலுமாரி வேண்டாம், இடம் காணாது.

உன் கடிதத்தை ஒரு ஓய்வில் முடிக்க முடியவில்லை. மூன்று ஓய்வுகளுக்குப் பங்கு போட்டு வாசித்தோம். இப்போது ஆளுக்கு ஒரு முறை என்று வைத்திருக்கிறோம். முறைக்காரி சொல்வதை வீரகத்தி செய்ய வேண்டும். நீ செய்துவிட்டு எழுத வேண்டும். இங்கிருந்து கடிதம் போய், நீ செய்து, பதில் வந்து சேர ஒரு மாதம் ஆகும். எங்களுக்கு அவசரம் இல்லை, இந்த வேலையில் அவசரக்காரர் நிற்பதும் இல்லை.

முதல் முறை அமராவதிக்கு. வீரகத்தி ஒரு பகல் முழுக்க யாரையும் இடிக்காமல், சிவப்பு விளக்கில் நின்று, பச்சை வந்த பிறகுதான் கார் ஓட வேண்டுமாம்.

இன்னொன்று. நீ கதவைப் பற்றி எழுதியதை நான் வாசித்த அன்று பின்னேரம் இராசமலர் என்னிடம் தனியாக வந்து, "நாற்பதுதானே பாத்தவர், முழுக்கப் பாக்கச் சொல்லும்" என்றாள். அவளுடைய வீடு முள்ளிவாய்க்கால் பக்கம். ஷெல் விழுந்து ஏழு வருடம். அதற்குப் பிறகு கூடாரமும் கொட்டிலுமாகத்தான் இருக்கிறாள். மற்றவர்களைப் போல அவன் அங்கே போக வேண்டும், இங்கே போக வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. ஒரு வீட்டுக்குள் போய் அவன் இருக்க வேண்டும் என்கிறாள். இருந்தால் போதுமாம்.

கடைசியாக, ஒரு போத்தல் நல்லெண்ணெய் அனுப்பு. கை வெடிக்கிறது. அம்மா கேட்டால் ஏதாவது சொல்.

அக்கா,
சுமித்திரா


நெளுக்குளம்,
10.04.2004

அன்பின் அக்காவுக்கு,

வருடப்பிறப்பு வரப்போகிறது. உங்களுக்கு லீவு இல்லை என்று அம்மாவுக்கு மனவருத்தம். எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். ஒபிசில் கோப்புகள் தூக்கித் தூக்கிக் கை வெடிக்கிறது என்று சொன்னேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எண்ணெயை ஊற்றித் தந்தார்.

அமராவதி அக்காவின் முறையை நிறைவேற்றினேன். இருபத்தாறு சிவப்பு விளக்கில் நின்றேன். நான் யாரையும் இடிக்கவில்லை, பின்னால் வந்தவர்கள்தான் என்னை ஒன்பது தரம் இடித்தார்கள். ஒரு டாக்சிக்காரன் இறங்கி வந்து அடித்தான். சட்டப்படி நடக்கிறவனை அந்தப் பட்டணத்துக்குத் தெரியாது, அதுவும் ஒரு குறை என்று எழுதி வைத்திருக்கிறேன். பெடியள் என்னைச் சுற்றி நின்று சிரித்தார்கள். ஒருவன் மட்டும், "அண்ணா, இது நல்லாத்தான் இருக்கு" என்றான்.

இராசமலர் அக்காவுக்குச் சொல்லுங்கள். போன கடிதத்தில் கதவு எல்லாம் படம் என்று எழுதியது அவசரத்தில் எழுதியது. ஒன்று திறக்கிறது. பூங்காவுக்குப் பின்னால், புல்வெளி முடிகிற இடத்தில் ஒரு சின்ன வீடு. வாசலில் ஒரு படி, அதன் வலது மூலை வெடித்திருக்கிறது. ஜன்னலுக்கு நீலப் பெயின்ற், கீழ்ப்பக்கம் உரிந்துபோய் இருக்கிறது. கதவைத் தள்ளினால் திறக்கும், கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும். உள்ளே கதவுக்குப் பின்னால் சுவரில் விளக்கு வைக்கிற பிறை. அதற்கு மேலே சுவர் புகைபிடித்துக் கறுத்திருக்கிறது. வீரகத்தி போய் நிலத்தில் இருந்தான். ஒரு பொலிசும் வரவில்லை.

அன்புத் தம்பி,
ரூபன்


கிளிநொச்சி அலுவலகம்,
02.05.2004

அன்புள்ள தம்பி,

நான் சுகம். கொஞ்சம் இருமல், அவ்வளவுதான். வீட்டைப் பற்றிய பகுதியை நான் பாதி வாசித்துவிட்டு இருமலால் நிறுத்த, மிச்சத்தை அமராவதி வாசித்தாள்.

இராசமலர் மூன்று தரம் வாசிப்பித்தாள். அடுத்த நாளே வீட்டுக்குச் சாமான் சேர்க்கத் தொடங்கிவிட்டார்கள். பிறைக்கு ஒரு விளக்கு, நிலத்துக்கு ஒரு பாய். ஜன்னலுக்குச் சீலை போடுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் வாக்குவாதம். வீரகத்தியைத் துவக்கை வெளியில் வைத்துவிட்டு உள்ளே போகச் சொல்கிறார்கள். அதைச் செய்ய முடியுமா என்று பார்.

எனக்கும் ஒரு முறை வந்திருக்கிறது. அந்த வீட்டுக்குக் குசினி இருக்கிறதா? இருந்தால் படியிலிருந்து குசினிவரை எத்தனை அடி என்று நடந்து எண்ணி எழுது. குசினியில் நின்றால் ஜன்னலால் என்ன தெரிகிறது என்றும் எழுது. அவசரம் இல்லை, நினைவாக எழுது.

எண்ணெய் நல்லது. அம்மா ஏதாவது கேட்டாரா?

அக்கா,
சுமித்திரா


நெளுக்குளம்,
16.05.2004

அன்பின் அக்காவுக்கு,

இருமலுக்கு வேர்க்கொம்பும் மல்லியும் அவித்துக் குடிக்கச் சொல்லி அம்மா. அம்மா ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எண்ணினேன். படியிலிருந்து குசினிவரை பன்னிரண்டு அடி. ஜன்னலால் பார்த்தால் கிணற்றுக்கட்டும் ஒரு முருங்கையும் தெரியும். துவக்கைப் படியில் வைத்துவிட்டு உள்ளே போகலாம், திரும்பி வரும்போது அங்கேயே இருக்கும்.

விளையாட்டில் நூற்றுக்கு எண்பது பங்கு முடித்துவிட்டேன். பாலம் திறந்துவிட்டது. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் இந்தப் பக்கம் மாதிரித்தான். ஸஜாத் நானா முடிவு கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புத் தம்பி,
ரூபன்


கிளிநொச்சி அலுவலகம்,
29.06.2004

தம்பிக்கு,

நான் சுகம். அதை முதலில் நம்பு.

பதினொரு நாள் வேலை நிறுத்தி வைத்திருந்தார்கள், அதனால் எழுதவில்லை. இராசமலரின் பாதையில் ஒன்று வெடித்தது. அவள் ஒரு பிழையும் விடவில்லை. முகக்கவசமும் வாரியின் நீளப் பிடியும் காப்பாற்றின. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வவுனியா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். உறவு என்று சொல்ல அங்கே யாரும் இல்லை, நீ போய்ப் பார். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.

வாகனத்தில் ஏற்றும்போது அவள் என்னிடம், "நல்லதாப் போச்சு சுமித்திரா, தம்பியின்ர கடையில அந்த வீட்டைப் பாத்திட்டு வாறன்" என்றாள். சொல்ல வேண்டியது என்று எழுதுகிறேன்.

அக்கா


நெளுக்குளம்,
08.08.2004

அன்பின் அக்காவுக்கு,

நீங்கள் சுகம் என்று எழுதியதை நம்புகிறேன். இந்தக் கடிதத்தை ஐந்து தரம் தொடங்கிக் கிழித்தேன்.

அந்த வீடு பொய். எந்தக் கதவும் திறக்கவில்லை அக்கா. முந்நூற்றுப் பன்னிரண்டு கதவு தள்ளிப் பார்த்தேன். இராசமலர் அக்கா கேட்டதை இல்லை என்று எழுத மனம் வரவில்லை. உங்களுக்குக் கதிரை மேசை கொடுத்த பழக்கத்தில் அவருக்கு ஒரு வீடு கொடுத்துவிட்டேன்.

முதல் நாள் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடும்போது அம்மா யாருக்குச் சாப்பாடு என்று கேட்டார். அக்காவின் ஒபிஸ் சிநேகிதிக்கு என்றேன். அப்படியென்றால் நானும் வாறன் என்று செருப்பைப் போட்டுக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து சோறு குழைத்துக் கொடுத்துவிட்டு, "ஒபிசில என்னெண்டு பிள்ளை கை போனது?" என்று கேட்டார். இராசமலர் அக்கா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர் எல்லாம் சொல்லிவிட்டார்.  அதற்குப் பிறகும் அம்மா ஒரு நாளும் தவறாமல் சோறு கொண்டுபோனார்.

போன கிழமை துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து விட்டார்கள். இராசமலர் அக்கா நேரே கடைக்கு வந்தார். ஸஜாத் நானா தன்னுடைய கதிரையைத் தந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றக் கையால் அவரே வீரகத்தியை நடத்தினார். கார் எடுப்போம் என்றேன், வேண்டாம் என்றார். பூங்காப் புல் முழுவதும் நடந்தார். "பாரும் தம்பி, நான் கீழ பாக்கேல்ல" என்றார்.

புல்வெளி முடிகிற இடத்தில் உண்மையிலேயே ஒரு வீடு இருக்கிறது. அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். வீரகத்தி கதவில் முட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடந்தான்.

"பூட்டிக் கிடக்கோ?"

"அது கதவில்லை அக்கா. படம். நான் பொய் எழுதினனான்."

அவர் விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை. வீரகத்தியின் கால் மட்டும் போய்க்கொண்டிருந்தது. எனக்கு நிலம் பிளந்தால் இறங்கிவிடலாம் போல இருந்தது.

"அப்ப நீல ஜன்னல், பிறை எல்லாம் எங்க பாத்தனீர்?"

"அது எங்கட வீடு. ஜெயபுரத்தில. பத்து வயசில விட்டிட்டு வந்தது."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "ஜெயபுரத்திலயோ?" என்று மறுபடி கேட்டார். பிறகு, "அப்ப வீடு ஒண்டு இருக்குத்தானே" என்றார்.

"இப்ப இருக்கோ தெரியாது."

"சரி. வந்தது வந்தம். பொழுது படுமட்டும் வாசலில நிப்பம்."

அந்தப் பட்டணத்தில் பொழுது படும் மட்டும் அவரும் நானும் வீரகத்தியுமாக அங்கேயே நின்றோம். வெளிச்சம் மஞ்சளாகி, பிறகு சிவந்து, அந்தக் கதவில் விழுந்தது. அது மட்டும் அந்த விளையாட்டில் நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். போகும்போது இராசமலர் அக்கா, "இவருக்கு நாளைக்கு ஆஸ்பத்திரியில புது விரல் குடுப்பினம், என்ன?" என்று வீரகத்தியைக் காட்டிக் கேட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அடுத்த நாள் ஸஜாத் நானாவுக்கு என் முடிவைச் சொன்னேன். பெரிய இடம், சுற்றிப் பார்க்கலாம், வேலைகள் சலிக்கும், ஒருவருக்கும் ஒன்றும் நோகாது, வெளியே மட்டும்தான் இருக்கிறது, உள்ளே இல்லை. மூன்று கொம்பியூட்டரில் போட்டார்.

மற்ற அக்காமாருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீங்களே சொல்லிவிடுங்கள். என்னை மன்னியுங்கள்.

ரூபன்


நெளுக்குளம்,
22.08.2004

மகள் சுமித்திராவுக்கு,

அம்மா மீனம்மா சொல்ல ரூபன் எழுதுகிறான். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுது என்று சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"நான் சுகம். நீ சுகமா இருக்கிறாயோ எண்டு கேக்க எனக்குப் பயமாக் கிடக்கு. உன்ர தம்பி எனக்கு ஒரு ஒபிஸ் கட்டித் தந்தவன். பேன் போட்டவன், மேசை போட்டவன். பேனுக்குக் கீழ இருக்கிற பிள்ளை கைவெடிப்புக்கு எண்ணெய் கேக்காது எண்டு எனக்குத் தெரியாதோ. நீ எங்கையோ றோட்டு வேலையில கல்லுச் சுமக்கிறாய் எண்டு நினைச்சன். நானும் சுமந்தனான், அதில வெக்கமில்லை எண்டு பேசாமல் இருந்தன். இது எண்டு நினைக்கேல்ல.

அந்தப் பிள்ளைக்குச் சோறு குழைச்சுக் குடுக்கேக்க, இது உன்ர கை எண்டுதான் எனக்குப் பட்டது. உன்ர அப்பா போன பிறகு எனக்கு நீங்கள் ரெண்டு பேர்தான். ஆவணி முடிய முன்னம் வந்திடு. எனக்குக் காசும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். ஏன் இந்த வேலைக்குப் போனாய் எண்டு மட்டும் சொல்லு. உண்மையைச் சொல்லு."

இவ்வளவுதான் சொன்னார். கையெழுத்துக்குப் பதிலாக விரல் அடையாளம் வைத்திருக்கிறார்.


ஜெயபுரம்,
19.09.2004

அன்பின் அம்மாவுக்கும் தம்பிக்கும்,

நான் சுகமாக இருக்கிறேன், கை கால் எல்லாம் அப்படியே இருக்கின்றன. தம்பி, இந்தக் கடிதத்தை ஒரு சொல்லும் தாண்டாமல் வாசி.

அம்மா, ஆவணி முடிந்துவிட்டது. நான் வரவில்லை. பதிலும் எழுதவில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன். மேலே ஊரின் பெயரைப் பாருங்கள். இவ்வளவு நாளும் அலுவலக முகவரியைத்தான் எழுதினேன். வேலைக்கு ஆள் எடுத்தபோது சுவரில் ஊர்களின் பெயரை ஒட்டியிருந்தார்கள். ஆறாவதாக ஜெயபுரம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் பெயர் கொடுத்தேன். வருடம் தொடங்கியதிலிருந்து இந்த ஊரில்தான் நிற்கிறேன். எங்கள் வீட்டு வளவைச் சுற்றிச் சிவப்புத் தடி. ஓய்வுக்கு இருக்கும் மரத்தடியிலிருந்து பார்த்தால் பற்றைக்குள்ளே சுவர் கொஞ்சம் தெரியும். உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று தெரியாமல் உங்களுக்கு ஆசை காட்ட விருப்பம் இல்லை. அதனால் ஒருவருக்கும் சொல்லவில்லை.

தம்பி, உன் வீட்டைப் பற்றி. அந்தப் படியின் மூலை வெடித்தது அப்பாவின் கையிலிருந்து இரும்பு அலவாங்கு விழுந்து. அன்று உனக்கு நாலு வயது, அழுதது நீ. வாசித்த அந்த நேரமே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு இருமல் ஒன்றும் இல்லை, குரல் வரவில்லை. இல்லாத வீடு என்று தெரிந்துகொண்டுதான் குசினியைக் கேட்டேன். நீ எவ்வளவு நினைவு வைத்திருக்கிறாய் என்று பார்க்க ஆசையாக இருந்தது. பற்றைக்குள் என்ன எங்கே இருக்கும் என்று நானே மறந்துபோயிருந்தேன். ஆகவே மன்னிப்புக் கேட்காதே.

மற்றவர்களுக்கு நான் சொல்லவில்லை. இராசமலர் வந்து சொன்னாள். இப்போது முதலுதவிக் கூடாரத்தில் வேலை செய்கிறாள். எங்கள் வளவு எது என்று என்னிடம் கேட்டறிந்து, "வீரகத்தியின்ர வீடு அந்தா கிடக்கு" என்று பற்றையைக் காட்டினாள். அதற்குப் பிறகு எங்கள் வளவின் பாதைகளை ஒருவரும் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அமராவதி தன் முறையில் கிணற்றடிவரை வாரினாள். ஏழு எடுத்தோம். ஒன்று முருங்கைக்குக் கீழே இருந்தது.

முந்தநாள் வாசலில் வெள்ளைத் தலைத் தடி நட்டோம். எல்லாரும் ஒதுங்கி நின்று என்னை முதலில் போகச் சொன்னார்கள். கூரை இல்லை. ஜன்னல் இல்லை, அது இருந்த இடத்தில் ஒரு கையளவு நீலம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிறை இருக்கிறது. கதவும் இல்லை, தள்ளவும் தேவையிருக்கவில்லை. உள்ளே போய் நிலத்தில் இருந்தேன். பிறகு ஒவ்வொருவராக வந்து இருந்தார்கள். இராசமலர் கடைசியாக வந்தாள், நெடுநேரம் எழும்பவில்லை.

அம்மா, வேலையை விடச் சொல்கிறீர்கள். இங்கே வந்து, உங்கள் குசினியில் நின்று சொல்லுங்கள், விட்டுவிடுகிறேன். நெளுக்குளத்தில் நின்று சொன்னால் கேட்கமாட்டேன். தம்பி, அம்மாவை ஞாயிற்றுக்கிழமை கூட்டி வா. கனகராயன்குளத்தில் இறக்கி ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடு, முழங்காலுக்கு நெடும் பயணம் ஆகாது. இங்கே இறங்கியதும் வெள்ளைத் தலைகளுக்கு உள்ளேதான் நடக்க வேண்டும். கீழே பார்த்து நடக்கச் சொல்லு.

படியிலிருந்து குசினிவரை நானும் எண்ணிப் பார்த்தேன். நீ பன்னிரண்டு அடி என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒன்பதுதான் வந்தது. மூன்று தரம் நடந்தேன், ஒன்பதுதான். நீ பிழையாக எண்ணவில்லை தம்பி. அப்போது உன் கால் சின்னது.

வாசலில் நிற்பேன்.

சுமித்திரா